அசரீரி கூறிய விலை

மேசைமீது உறை ஒன்று கிடக்கிறது. வாய் ஒட்டப்பட்ட உறை, முத்திரையிடப்பட்ட உறை. உள்ளே ஒரே ஒரு தாள். தாளிலே ஒரே ஓர் எண். எதிரே அமர்ந்திருப்போர் ஒப்பந்தக்காரர்கள்; கையிலே அவரவர் ஒப்பந்தப்புள்ளி; கண்ணெல்லாம் அந்த உறையின்மீது! பாலமோ, பள்ளிக்கூடமோ, அணைக்கட்டோ, துறைமுகமோ, சர்க்கார் கட்ட நினைப்பது எதுவாயினும், இவ்வளவுதான் தரலாம், இதற்குமேல் ஒரு காசும் தரலாகாது என்று அதிகாரி எழுதி அடைத்து வைத்த எண் அது. ஒப்பந்தக்காரர் கேட்கும் விலை அந்த எண்ணைத் தாண்டலாகாது. தாண்டாதவருள் எவர் குறைவாகக் கேட்டாரோ அவருக்கே வேலை. எண் எது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும், மற்றெவருக்கும் தெரியலாகாது.

இப்படிச் சொல்லுகிறது ஜப்பான் நாட்டுச் சட்டம். இன்று நேற்றல்ல, நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகிறது.

தெரியாத எண்ணாயிற்றே, தோழர்களே! இருட்டிலே எய்த அம்பு எங்கெங்கோ சென்று தைத்திருக்க வேண்டுமல்லவா? ஒருவர் எண்பது கேட்பார், ஒருவர் நூற்றுப் பத்து கேட்பார், வென்றவர் ஒரு நாள் எழுபத்தைந்திலே வெல்வார், மறுநாள் தொண்ணூறிலே வெல்வார், இதுதானே இயற்கை? ஆனால் ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக, உறைக்குள்ளே நூறு இருந்தால் வென்றவர் கேட்டது தொண்ணூற்றெட்டு! இருட்டிலே எய்த அம்பு எப்போதும் குறியிலேயே போய்த் தைத்தது. வில்லாளியின் திறமையா அது? விசயனும் வெட்கித் தலைகுனிவான்! குறி இருக்கும் இடத்தை ஓதிய வாய் ஒன்று இருந்தது. 'இந்த வேலை இன்னாருக்கு' என்று மேலிருந்து இறங்கிய கட்டளை ஒன்றும் இருந்தது. அந்தக் கட்டளைக்கு ஜப்பானியர் சூட்டிய பெயர் என்ன தெரியுமோ? 'வானத்தின் குரல்'!

நம் நாட்டுப் புராணங்களிலே அசரீரி ஒலிக்கும்; பேச்சு கேட்கும், பேசுபவர் தெரியார். நம் அசரீரிக்கு உடல் கிடையாது. ஜப்பானிய அசரீரிக்கு உடலும் உண்டு, உடலின்மீது கோட்டு உண்டு, கோட்டிலே பையும் உண்டு. அந்தப் பையைத் தேடிச் சென்ற வரலாறு இது.

மெய்ஜி காலத்திலிருந்து தொடங்குவோம். 1881ஆம் ஆண்டு, ஹொக்கைடோத் தீவை வளப்படுத்த அமைத்திருந்த சர்க்கார் துறை தன் சொத்துகளை விற்க முனைந்தது. கப்பல்கள், பண்டகசாலைகள், தொழிற்சாலைகள் என்று ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் யென் கொட்டி உருவாக்கியவை அவை. மக்கள் வரிப்பணம்! விற்பதற்குக் குறித்த விலை? ஏறத்தாழ 3 இலட்சத்து 90 ஆயிரம் யென். அதுவும் வட்டியில்லாமல், 30 ஆண்டுத் தவணையிலே! துறைத்தலைவர் குரோடா கியோட்டாகா. வாங்க இருந்தோர் அவருக்கு வேண்டியவர்கள் என்று ஏடுகள் முழங்கின. நாடு கொந்தளித்தது. விற்பனையைக் கைவிட்டனர். அந்தக் கொந்தளிப்பினூடே, 1890-இல் நாடாளுமன்றம் கூட்டப்படும் என்று பேரரசர் பெயரால் வாக்களிக்கவும் வேண்டியதாயிற்று. ஒரு விலைச்சீட்டு ஓர் ஆட்சியையே உலுக்கிவிட்டது!

பொதுச் சொத்துக்கு விலை குறிப்பது எவர், எதை வைத்துக் குறிக்கிறார் என்ற கேள்வி அன்றே தெருவுக்கு வந்துவிட்டது. அந்த நினைவு ஆறாத நாட்டிலே, 1889 பிப்ரவரி 11 அன்று, அரசியல் சட்டம் வெளியான அதே நாளில், கணக்குச் சட்டமும் வெளியாயிற்று. சர்க்கார் வேலையை வேண்டியவருக்கு வழங்கலாகாது. அனைவரையும் அழைத்துப் போட்டி நடத்திக் குறைந்த விலைக்கே தர வேண்டும் என்றது சட்டம். அதன் கீழ் வந்த விதிகளே உறையைப் படைத்தன. வேலையின் விலையை அதிகாரி முன்கூட்டி மதிப்பிட வேண்டும். அதை உறையிலிட்டு, ஒப்பந்தப்புள்ளி திறக்குமிடத்தில் வைக்க வேண்டும்.

நோக்கம் நல்ல நோக்கந்தான். ஒப்பந்தக்காரர்கள் ஒன்றுகூடி விலையை வானளாவ ஏற்றினால் என் செய்வது? அதற்கு ஒரு கூரை வேண்டும். கூரையின் உயரம் தெரிந்துவிட்டால் எல்லோரும் கூரையைத் தொட்டுக்கொண்டே நிற்பர். ஆகவே உயரத்தை மறைத்து வை. பகுத்தறிவுக்கு ஒத்த ஏற்பாடு! ஆனால் மறைத்து வைத்த பொருளுக்கு ஒரு குணம் உண்டு. மறைத்த மறுகணமே அதற்கு விலை பிறந்துவிடுகிறது. உறைக்குள் இருந்த எண் வேலையின் விலையைச் சொல்லிற்று. அந்த எண்ணுக்கே தனி விலை ஏற்பட்டது. விற்பவர் தோன்றினார், வாங்குபவர் தோன்றினார்.

அனைவருக்கும் வாயில் திறந்த போட்டியால் வேறொரு தொல்லையும் முளைத்தது. வேலை செய்யும் எண்ணமே இல்லாதவர்கள் ஒப்பந்தப்புள்ளியோடு வந்து நின்றனர். "நான் விலகிக் கொள்கிறேன், எனக்கென்ன தருவீர்?" என்பதே அவர்கள் தொழில்! கொடுக்காவிட்டால் அடிமட்ட விலை கேட்டு ஆட்டத்தைக் கெடுப்பர். இதைக் காரணம் காட்டி 1900-இல் சர்க்கார் புதுவழி வகுத்தது: அதிகாரி பெயர் குறித்து அழைக்கும் சிலர் மட்டுமே போட்டியிடும் முறை. 1921-இல் திருத்தி எழுதிய கணக்குச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. பத்துப் பேரை அதிகாரி பொறுக்குவார். பத்துப் பேரும் ஒருவரையொருவர் அறிவர். ஆண்டு முழுதும் அதே பத்துப் பேர். போட்டியா நடக்கும் அங்கே? முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு! நம் ஊரில் இதற்குச் 'சிண்டிகேட்' என்று பெயர். ஜப்பானியர் 'டாங்கோ' என்பர். பொருள், கலந்து பேசுதல். கொள்ளைக்கு எத்துணை இனிய பெயர், பாருங்கள்!

1941-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. நியாயவிலையைக் கெடுக்கவோ, முறையற்ற ஆதாயம் பெறவோ கலந்து பேசினால் தண்டனை என்றது திருத்தம். நியாயவிலை! அதுதான் எது? உறையிலே அதிகாரி எழுதிய எண்ணா? உண்மைப் போட்டி நடந்திருந்தால் விளைந்திருக்கக்கூடிய விலையா? ஒப்பந்தக்காரர் நட்டமின்றிப் பிழைக்கப் போதுமான விலையா? 1968-இல் ஓட்சு மாவட்ட நீதிமன்றம் மூன்றாவதன் பக்கம் சாய்ந்தது. ஒருவரையொருவர் வெட்டி மடியாமல், வழக்கமான ஆதாயம் கிடைக்குமளவுக்குக் கலந்து பேசியது குற்றமாகாது என்று விடுதலை அளித்தது. கலந்து பேசுவோர்க்கு அந்தத் தீர்ப்பு நெடுநாள் கேடயமாயிற்று. தீர்ப்பை நாம் பழிக்கலாம். ஆனால் அந்த நீதிமன்றம் எழுப்பிய கேள்வி, கூரை ஒன்றை மட்டும் வைத்து நியாயத்தை அளக்க முடியுமா என்ற கேள்வி, பொய்க்கேள்வியன்று. கட்டுரையின் பிற்பகுதியில் அது வேறு உருவில், உழைப்பாளியின் உருவில், நம்முன் வந்து நிற்கும்.

அதற்குமுன், உறைக்குள் இருக்கும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் காண வேண்டும். அதிகாரி கண்ணை மூடித் தியானித்து எழுதுவதன்று அது. வரைபடத்தை விரித்து, எத்தனை கன மீட்டர் மண் தோண்டுவது, எத்தனை கன மீட்டர் கான்கிரீட் இடுவது, எத்தனை டன் கம்பி கட்டுவது என்று முதலில் அளவு காண்கின்றனர். பிறகு ஒவ்வோர் அலகு வேலைக்கும் எத்தனை ஆள்-நாள் பிடிக்கும், எந்த இயந்திரம் எத்தனை மணி ஓடும் என்பதற்கு அமைச்சகம் தொகுத்த அளவை ஏடு உண்டு, அதைப் புரட்டுகின்றனர். சிமெண்டுக்கும் கம்பிக்கும் சந்தை விலை எடுத்துச் சொல்லும் மாத ஏடுகளை இரண்டு ஆய்வு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. அவற்றிலிருந்து பொருள் விலை வருகிறது. கூலிக்கு விகிதப் பட்டியல் ஒன்று உண்டு. கொத்தன், தச்சன், கம்பி கட்டுவோன், வண்டி ஓட்டுவோன் என்று 51 வகைத் தொழிலாளருக்கு, மாகாணம் மாகாணமாக, நாட்கூலி குறிக்கும் பட்டியல். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி, கொட்டகை, மேற்பார்வை, நிறுவனச் செலவு, ஆதாயம் ஆகியவற்றுக்கு விகிதம் சேர்த்தால் வருவது மதிப்பீடு. 1947-இல் வந்த விதிகள் இன்னும் சில சொல்லின: நடப்பு விலை, தேவையும் வரத்தும், வேலையின் கடுமை, அளவு, காலக்கெடு ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தே விலை குறிக்க வேண்டும், உள்ளிருப்பது வெளியே தெரியாவண்ணம் உறையிட வேண்டும்.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகு, இறுதியாக ஒரு திருவிளையாடல் நடந்தது. கணக்கிலே நூறு வந்ததா? கருவூலத்தைக் காக்கும் கடமை வீரர் ஒருவர், "மூன்று குறை, தொண்ணூற்றேழு என்று எழுது!" என்பார். எதற்கு மூன்று? மண் குறைந்ததா, கான்கிரீட் குறைந்ததா? ஒன்றும் இல்லை, வழக்கம்! ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மலிந்து கிடந்த இந்த வெட்டுக்கு ஜப்பானிய மொழியிலே தனிப்பெயரே உண்டு. வெட்டிய மூன்றும் யார் தலையில் விழுந்தது? ஒப்பந்தக்காரரின் தலையில் விழுந்து, அங்கிருந்து உருண்டு, துணை ஒப்பந்தக்காரரின் தோளில் புரண்டு, மண் சுமப்பவனின் முதுகிலே போய் நின்றது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தி, இந்த வெட்டு சட்டமீறல் என்று அரசு அறிவித்தது.

இனி அசரீரிக்கு வருவோம். 1993 மார்ச்சில், ஆளுங்கட்சியின் துணைத்தலைவராக விளங்கிய கனமாரு ஷின் வரி ஏய்ப்புக் குற்றத்துக்காகக் கைதானார். சோதனையிட்டோர் தங்கக் கட்டிகளைக் கண்டனர். அவற்றைவிட விலைமதிப்புள்ள காகிதங்களையும் கண்டனர். கட்டட நிறுவனங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்ற தடம் அவற்றிலே இருந்தது. தடம் பிடித்துச் சென்றனர். அந்த ஆண்டே சென்டாய் நகரத் தலைவர் கைது. இபராகி மாகாண ஆளுநர் கைது. மியாகி மாகாண ஆளுநர் கைது! அடுத்த ஆண்டு, கட்டுமானத் துறை அமைச்சராக இருந்த ஒருவரும் கைது. அங்கே ஆளுநர் என்றால் நம் நாட்டைப் போலத் தில்லி அனுப்பி வைப்பவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். வாக்குக் கேட்கும்போது வாசற்படியில் குனிந்து நின்றவர், வானத்தின் குரலாக மாறிவிட்டார்!

அத்துடன் தீர்ந்ததா? 2000-இல் ஹொக்கைடோவிலே, வேளாண் பணிகளை இன்னாருக்கு இவ்வளவு என்று மாகாண அதிகாரிகளே பங்கிட்டுக் கொடுத்தது வெளிப்பட்டது. திருட்டுக்குத் துணை நின்றது போய், திருட்டை நடத்தித் தருவதே அலுவலக வேலையாகிவிட்டது! அதிகாரிகள் நடத்தும் கூட்டுச்சதியைத் தடுக்க 2002-இல் ஒரு சட்டம் இயற்றினர். அதிலே பல்லில்லை என்று கண்டு, 2006 டிசம்பரில் பல் பொருத்தினர்: மதிப்பீட்டு விலையை வெளியிட்டுப் போட்டியைக் கெடுக்கும் அதிகாரிக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 25 இலட்சம் யென் வரை தண்டம். பல் பொருத்தக் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில், ஃபுகுஷிமா, வகயாமா, மியாசாகி என்று மூன்று மாகாணங்களின் ஆளுநர் பதவியில் இருந்தவர்கள் வரிசையாகக் கைதாகியிருந்தனர். பெரும் கட்டட நிறுவனங்கள் நான்கும் 2005 இறுதியிலேயே, இனி டாங்கோ இல்லை என்று உறுதி பூண்டிருந்தன. உறுதி ஒரு மாமாங்கம் நீடித்தது. 2018-இல், காந்த விசையில் ஓடும் அதிவேக இரயில் பாதைக்கான பணிகளைப் பங்கிட்டதாக அதே நால்வர்மீது வழக்கு வந்தது.

கைது செய்தது அரசு வழக்கறிஞர்கள். கண்டுபிடிக்கும் கருவியைச் செய்து தந்தது யார்? இங்கேதான் இளைஞர்கள் உற்று நோக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஆயுதம் ஏதுமில்லாத குடிமக்கள், தகவல் கேட்கும் உரிமை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, ஊர்தோறும் கண்காணிப்பு மன்றங்கள் கண்டனர். 1994-இல் அவை நாடளாவி இணைந்தன. அவர்கள் கேட்டது மிக எளிது: உறையிலே இருந்த எண் எது, வென்றவர் கேட்ட எண் எது? இரண்டாவதை முதலாவதால் வகு! வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் அங்கே சதி நடந்ததென்ற ஐயம் மிக வலிது என்று வரையறுத்தனர். மாகாணம் மாகாணமாக அந்த விழுக்காட்டைப் பட்டியலிட்டு வெளியிட்டனர். பள்ளிச் சிறுவன் போடும் வகுத்தல் கணக்கு! அதைக் கண்டு மாளிகைகள் நடுங்கின. தொண்ணூற்றைந்துக்குமேல் போனதெல்லாம் சதி என்று கொள்ள முடியாது என்பது உண்மையே. மதிப்பீடே இறுக்கமாயிருந்தால் நேர்மையானவரும் அந்த எல்லைக்குள்தான் நிற்பார். ஆனால் ஒரு மாகாணத்தின் பெரும்பணிகள் அனைத்துக்கும் அந்த விளக்கம் பொருந்துமோ?

இதைவிட நுட்பமான தடயமும் ஒன்று உண்டு. எல்லோரும் கேட்ட விலை உறையிலிருந்த எண்ணைத் தாண்டிவிட்டால், அங்கேயே மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கேட்பார்கள். மூன்றாம் முறையும் கேட்பதுண்டு. முதற் சுற்றில் ஒருவர் நூற்றைந்து கேட்டார், இன்னொருவர் நூற்றைந்தரை கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு மயிரிழை. இரண்டாம் சுற்றில் முந்தியவர் பிந்தலாம், பிந்தியவர் முந்தலாம்; நாணயம் சுண்டிப் பார்ப்பது போலத்தானே! ஆனால் முதற் சுற்றில் முதலில் நின்றவரே மீண்டும் முதலில் நின்றார். மூன்றாம் சுற்றிலும் அவரே. விலை மாறிற்று, வரிசை மாறவில்லை. கேய் கவாய், ஜுன் நாகபயாஷி என்னும் இரு பொருளியல் அறிஞர் நாட்டு அரசின் பல்லாயிரம் கட்டுமான ஒப்பந்தங்களை எடுத்து இதை ஆராய்ந்து, 2022-இல் அச்சிட்டனர். கூரையின் உயரம் அந்த இடங்களிலே கசியவில்லை, அதனால்தான் தாண்டிவிட்டனர். ஆயினும் வெல்லப் போகிறவர் யார் என்பது வருமுன்பே முடிவாகியிருந்தது! உறையை உடைக்க வேண்டியதே இல்லை; உறைக்கு வெளியே உலகத்தையே ஒழுங்கு செய்துகொண்டனர்.

அப்படியானால், மறைப்பதால்தானே இத்தனை இழிவும்? திறந்து காட்டிவிடு! இப்படியும் எண்ணினார்கள். 1998-இல் நாட்டு அரசு, போட்டி முடிந்தபின் மதிப்பீட்டு விலையை வெளியிடத் தொடங்கிற்று. மாகாணங்களும் நகரங்களும் ஒருபடி மேலே சென்று, போட்டிக்கு முன்பே பலகையில் எழுதி வைத்தன. இதோ எண், இனி யாரிடம் யார் எதை வாங்குவர்? அதிகாரியின் காதருகே குழைந்தோர் குழைவதை நிறுத்தினர். நல்ல பயன்தான்.

ஆனால் புது வேடிக்கை ஒன்று பிறந்தது. மிகக் குறைத்துக் கேட்டுப் பாலத்தை உளுத்த பாலமாகக் கட்டிவிடக் கூடாதே என்று, மாகாணங்களும் நகரங்களும் ஒரு தரையும் வைத்திருந்தன: இதற்குக் கீழே கேட்டவரின் ஒப்பந்தப்புள்ளி செல்லாது. தரையைக் கூரையிலிருந்து கணக்கிடும் வழியோ பெரும்பாலும் யாவரும் அறிந்தது. கூரை தெரிந்தால் தரை தெரியும்! கணிப்பொறியில் கணக்குப் போட்டு, பத்து நிறுவனங்களும் தரையின்மீதே, ஒரு யென் கூடாமல் குறையாமல், வந்து நின்றன. பத்தும் ஒரே விலை! வென்றவரை எப்படித் தேர்வது? சீட்டுக் குலுக்கி! பாலம் கட்டத் தெரிந்தவன் யார், ஆட்கள் வைத்திருப்பவன் யார், மதிப்பீட்டைத் தானே போட்டுப் பார்த்தவன் யார் என்ற கேள்விக்கெல்லாம் இடமே இல்லை. குலுக்கலில் எவன் பெயர் வந்ததோ அவன் பாலம் கட்டுவான். மக்களாட்சியின் மராமத்துப் பணி, திருவிழாக் கடைப் பரிசுச் சீட்டாக முடிந்தது. 2008-இல் அமைச்சகங்கள், முன்கூட்டி வெளியிடுவதை மறு ஆய்வு செய்யுங்கள் என்று மாகாணங்களுக்கும் நகரங்களுக்கும் ஓலை விடுத்தன. மீண்டும் உறை!

மூடினால் அசரீரி, திறந்தால் குலுக்கல். சரி, எண்ணை மறைப்பதா காட்டுவதா என்ற இந்த வழக்கிலேயே எல்லோரும் மூழ்கிக் கிடந்தபோது, எண்ணின் உள்ளே என்ன நடந்தது? கூலிப் பட்டியல் ஒன்று உண்டு என்றோமே, அதன் கதையைக் கேளுங்கள்.

1970 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில், பொதுப்பணிகளில் வேலை செய்வோரின் சம்பள ஏடுகளை அமைச்சகங்கள் வாங்கிப் பார்க்கின்றன. உண்மையில் என்ன கூலி கொடுக்கப்படுகிறதோ அதைச் சராசரி கண்டு, அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக்கான கூலி விகிதமாக வைக்கின்றன. என்ன நேர்மை! இல்லாத கூலியைக் கற்பனை செய்யாமல், இருக்கும் கூலியை எழுதுவது. இதிலே குறை காண முடியுமா?

காண வேண்டும்! நாட்டின் கட்டுமான முதலீடு 1992-இல் ஏறத்தாழ 84 இலட்சம் கோடி யென். 2010-இல் அது ஏறத்தாழப் பாதி. வேலை பாதியாயிற்று, வேலை தேடும் நிறுவனங்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைத்துக் கேள், குறைத்துக் கேள் என்று போட்டி முற்றிற்று. குறைத்துக் கேட்டவன் எதைக் குறைப்பான்? சிமெண்டின் விலையை அவன் குறைக்க முடியுமா? எரியெண்ணெய் விலை அவன் சொற்படி இறங்குமா? அவன் கைக்கு எட்டியது ஒன்றுதான்: ஆளின் கூலி. குறைத்தான். அக்டோபர் வந்தது. அமைச்சகம் ஏட்டைப் பார்த்தது. "ஓகோ, இப்போது கூலி இவ்வளவுதானா?" என்று குறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மதிப்பீடு இறங்கிற்று, கூரை தாழ்ந்தது. தாழ்ந்த கூரைக்கும் கீழே குனிந்து கேட்டவன் மறுபடியும் கூலியை வெட்டினான். மறுபடியும் அக்டோபர்! தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு போல, மதிப்பீடு தன் விளைவையே சான்றாகக் கொண்டு தன்னைக் குறைத்துக்கொண்டே போயிற்று.

1997-இல் அந்தப் பட்டியலின் சராசரி நாட்கூலி 19,121 யென். 2012-இல் 13,072 யென். பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பறிபோயிற்று. இதிலே கையூட்டு வாங்கியவர் எவருமில்லை. அசரீரி ஒலிக்கவில்லை. சட்டம் மீறப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தரும் உண்மையைத்தான் எழுதினார். அத்தனை பேரும் உண்மை எழுதியும் உழைப்பாளியின் கூலி தேய்ந்தது. இளைஞன் பார்த்தான், வெயிலிலே நின்று வாங்கும் கூலி கடையிலே நின்று வாங்கும் கூலியைவிடக் கவர்ச்சியாயில்லை என்று கண்டான், மண்வெட்டியைத் தொடாமலே திரும்பிப் போனான். 1997-இல் 68 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வேலை செய்த கட்டுமானத் துறையில், 2010-இல் இருந்தோர் ஏறத்தாழ 50 இலட்சம். இருந்தவர்களிலும் நரைத்த தலைகளே மிகுதி.

கையூட்டு வாங்கிய ஆளுநரைப் பற்றி ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதவேண்டியதுதான்! ஆனால் ஆளுநர்கள் எல்லோரும் சேர்ந்து விழுங்கியதைவிடப் பெரிய தொகை இப்படி ஓசையின்றிக் கரைந்தது என்றே நான் கருதுகிறேன்.

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானைப் பேரதிர்ச்சி உலுக்கிற்று. ஆழிப்பேரலை ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. கட்ட வேண்டியவை மலைபோல் குவிந்தன. சர்க்கார் ஒப்பந்தப்புள்ளி கேட்டது. மேசை இருந்தது, உறை இருந்தது, உறைக்குள் எண்ணும் இருந்தது. ஆனால் நாற்காலிகள் காலி! வந்த சிலர் கேட்ட விலையோ உறையிலிருந்த எண்ணைத் தாண்டி நின்றது. அந்த எண்ணுக்கு ஆள் கிடைக்காது, கம்பி கட்டுவோன் கிடைக்கமாட்டான், பலகை அடிப்போன் கிடைக்கமாட்டான் என்றனர். பள்ளியிழந்த குழந்தைகள் காத்திருந்தனர்; வீடிழந்த முதியோர் தற்காலிகக் கொட்டகையிலே காத்திருந்தனர். ஆண்டுக்கணக்காக அக்டோபர்தோறும் நேர்மையாக எழுதப்பட்ட எண்தான் அந்தக் காலி நாற்காலிகளுக்குக் காரணம்.

2013 ஏப்ரலில் பாம்பின் வாயிலிருந்து வாலை வெளியே இழுத்தனர். கூலி விகிதத்தை நாடு முழுதும் சராசரியாக நூற்றுக்கு 15.1 உயர்த்தினர், பேரலை தாக்கிய மூன்று மாகாணங்களில் 21 உயர்த்தினர். சம்பள ஏட்டிலே கண்டதை மட்டும் எழுதாமல், தொழிலாளியின் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் சட்டப்படி கட்டவேண்டிய தொகையையும் விகிதத்திலே சேர்த்தனர். அதுவரை பலர் அதைக் கட்டாமலே குறைந்த விலை கேட்டு வென்றுகொண்டிருந்தனர்; கட்டிய நேர்மையாளர் தோற்றுக்கொண்டிருந்தனர். 2014-இல் திருத்திய சட்டம், எதிர்காலத்திலும் நல்ல வேலையாட்கள் உருவாகி நிலைக்குமளவுக்கு ஒப்பந்தக்காரருக்கு உரிய ஆதாயம் கிடைக்கும்படி மதிப்பீட்டு விலையைக் குறிப்பது சர்க்காரின் பொறுப்பு என்றது. ஓட்சு நீதிமன்றம் எழுப்பிய கேள்விக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்துச் சட்டமன்றம் தந்த விடை இது. சதிக்குத் தண்டனை தந்துகொண்டே, சதிகாரர் சாக்காகச் சொல்லி வந்த காரணத்தையும் பிடுங்கிக்கொண்டது. கூலி விகிதம் ஆண்டுதோறும் ஏறிற்று. 2025 மார்ச்சில் சராசரி 24,852 யென்.

பட்டியலில் இருக்கும் கூலி அது. கைக்கு வரும் கூலியா? முதல் ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே மற்றொருவர், அவருக்கும் கீழே இன்னொருவர் என்று படிக்கட்டு இறங்கும் தொழில் அது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீளும். ஆகவே 2024-இல் கட்டுமானத் தொழில் சட்டத்தையே திருத்தினர். இன்ன வேலைக்குக் கூலியாக இவ்வளவு வேண்டும் என்று ஓர் அளவுகோல் வகுக்கவும், அதைவிட மிகக் குறைத்து மதிப்பீடு தருவதையும் அப்படித் தரும்படி கேட்பதையும் தடுக்கவும் அதிலே வழி செய்தனர். சர்க்காரும் முதல் ஒப்பந்தக்காரரும் செய்யும் ஒப்பந்தத்துக்கு மட்டுமன்று, படிக்கட்டின் அடிப்படி வரை அது செல்லும். அதைச் சரிபார்க்க அடிப்படியிலே நிற்பவனின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். அக்டோபர் எழுத்தர்களுக்கு இனி வேலை கூடுதல்.